கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்: கொழும்பில் வயலின் கடந்து வந்த வழி

கொழும்பில் வயலின் வாசிக்கப்படும் முறை ஒன்றல்ல. வெள்ளவத்தையில் நடக்கும் கர்நாடக இசைக் கச்சேரியில் கலைஞர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்போடு அணைத்துப் பாடகரைப் பின்தொடர்வார். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிப்பவர் அதே கருவியைத் தோளில் தாங்கி நிற்பார். கறுவாத்தோட்டத்து அரங்கில் மேலைநாட்டு நால்வர் குழு நாற்காலியில் அமர்ந்து, எதிரே தாளை விரித்து வைத்து வாசிக்கும். சிங்கள நாடக மேடையின் பக்கவாத்தியக் குழுவிலும் வானொலி ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதற்கு வேறு பழக்கங்கள் இருந்தன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நூற்றாண்டில், வெவ்வேறு மனிதரோடு இந்த நகருக்கு வந்தவை. நாலைந்து பேர் சேர்ந்து சிறு மண்டபத்தில் வாசிக்கும் இசையில், மேற்கில் சேம்பர் மியூசிக் என்று சொல்லப்படும் வகையில், கீழை மரபும் மேலை மரபும் கொழும்பில் எங்கே, எப்படிக் கலந்தன என்பதை அறிய இந்த ஒரு கருவியைத் தொடர்ந்து போனாலே போதும்.

முதல் வரவு போர்த்துக்கேயருடையது. 1505ல் இலங்கைக் கரையைத் தொட்ட அவர்கள் 1656ல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போனாலும் அவர்களுடைய மொழியும் பாட்டும் போகவில்லை. கலப்பு மண வழி வந்த பறங்கிக் குடும்பங்களும், ஆபிரிக்காவிலிருந்து படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட காபிரிகளின் வழித்தோன்றல்களும் அவற்றைக் காப்பாற்றினார்கள். இவர்களுடைய திருமண வீட்டு நடன இசையான கபரிஞ்ஞாவில் வயலின்தான் மெட்டை எடுத்துச் செல்லும். மாண்டலினோ கிதாரோ துணைநிற்க, றபானா மேளம் தாளம் போடும். எட்டில் ஆறு என்று மேலை முறையில் எழுதப்படும் துள்ளல் தாளம் அது. மட்டக்களப்பின் பறங்கியர் இன்றும் இதை வாசிக்கிறார்கள். கொழும்பில் இதே தாளம் பைலாவாக உருமாறி, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வொலி பஸ்டியன் போன்றவர்களின் குரலில் நகரம் முழுவதும் பரவியது. எழுதி வைக்காமல், செவிவழியாக, தலைமுறைகள் பல கடந்து ஓர் ஐரோப்பியக் கருவி உள்ளூர்க் கருவியாகிவிட்டதற்கு இலங்கையில் இதைவிடப் பழைய சான்று இல்லை. சங்கீத வரலாறு எழுதியவர்கள் இதைக் கேளிக்கை என்று ஒதுக்கியது நியாயமற்றது.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் கோவாவிலிருந்து மறைவாக வந்து ஊழியம் செய்த குருமாரில் ஒருவர் யாக்கோமே கொன்சால்வெஸ். 1705ல் இலங்கைக்கு வந்து 1742ல் மறையும்வரை தமிழிலும் சிங்களத்திலும் அவர் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லி அழும் பசாம், ஒப்பாரி மரபுக்கு வித்திட்டவர்களில் அவர் முதன்மையானவர். தமிழில் வழங்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. இழவு வீட்டில் பெண்கள் பாடும் இழுப்பும் நெளிவும் கொண்ட ஓசை, ஐரோப்பியத் திருவழிபாட்டின் பொருளைத் தாங்கிக்கொண்டது. ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு வந்து தடைகள் நீங்கியபின், கொட்டாஞ்சேனை கத்தோலிக்கரின் தலைவாசலாயிற்று. புனித லூசியாள் பேராலயம் அங்கே எழுந்தது. 1865ல் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி தொடங்கியது. பரதவர், கொழும்புச் செட்டிகள், பறங்கியர், சிங்களக் கத்தோலிக்கர் என்று பலரும் நெருங்கி வாழ்ந்த அந்தப் பகுதியில், பள்ளியிலும் பாடகர் குழுவிலும் ஆர்மோனியமும் வயலினும் பித்தளைக் கருவிகளும் சேர்ந்து பழகப்பட்டன. சீர்திருத்தத் திருச்சபைகளில் கதை வேறு. தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக இராகங்களில் கட்டிய கீர்த்தனைகள் கடல் தாண்டி வந்து, இலங்கையின் தமிழ்ச் சபைகளில் ஆங்கில ஞானப்பாட்டுகளுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தன. ஒரே ஆராதனையில் ஒரு பாட்டு நான்கு குரல் இசைவிலும் அடுத்த பாட்டு இராகத்திலும் வருவது இச்சபைகளுக்குப் புதிதல்ல.

கொட்டாஞ்சேனையில் இசை எப்போதும் சமாதானத்தோடு கலந்ததாக எண்ணிவிடக் கூடாது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கி மேளதாளத்தோடு சென்ற பௌத்த ஊர்வலம் பேராலயத்துக்கு அருகே தாக்கப்பட்டது. இலங்கையின் நவீன வரலாற்றில் மதக் கலவரம் என்று பெயர் பெற்ற முதல் நிகழ்ச்சிகளில் அது ஒன்று. யாருடைய மேளம் எந்தத் தெருவில், எந்த நேரத்தில் ஒலிக்கலாம் என்பது அதன்பின் காவல்துறை அனுமதிக்குரிய விஷயமாயிற்று. வீதியில் முட்டிக்கொண்ட ஓசைகள் கூரைக்குக் கீழேதான் ஒன்றோடொன்று பழக முடிந்தது.

இதற்கு வெகுகாலம் முன்பே, பாக்கு நீரிணைக்கு அப்பால் வயலினுக்கு இன்னொரு பிறப்பு நடந்திருந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர், 1786ல் பிறந்தவர். குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தபோது, புனித ஜோர்ஜ் கோட்டை பாண்ட் வாத்தியக் குழுவின் இசை அவர்கள் காதில் விழுந்தது. ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் பாலுஸ்வாமி வயலின் கற்றார். பின்னர் எட்டயபுரம் அரண்மனை வித்துவானானார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அந்தக் கருவியில் பெற்ற தேர்ச்சிக்காக 1834ல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்குத் தந்த வயலினில் தந்தவேலை செய்யப்பட்டிருந்தது. பாலுஸ்வாமியின் அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரோ பாண்ட் மெட்டுகளைச் சங்கராபரணத்தில் அமைத்து, சமஸ்கிருத சாகித்தியம் இட்டு, ஏறத்தாழ 40 நோட்டுஸ்வரங்களைச் செய்தார். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டு. ‘சியாமளே மீனாட்சி’ குழந்தைகள் ஆங்கிலத்தில் பாடும் நட்சத்திரப் பாட்டின் மெட்டு. இவற்றில் கமகம் கிடையாது. நேர்கோடாக, சுரம் சுரமாக நடக்கும். வயலின் கற்கும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே இவை சொல்லிக்கொடுக்கப்படுவது அதனால்தான்.

கருவி அதே கருவிதான், மாற்றப்பட்டவை இரண்டு. ஒன்று, சுருதி கூட்டும் விதம். மேலை முறையில் நான்கு தந்திகளும் ஐந்தாம் சுர இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். கர்நாடக முறையில் அவை கீழிருந்து ச-ப-ச-ப என்று அமைந்து, பாடகரின் சுருதிக்கு இறக்கப்படும். மற்றது, பிடிக்கும் விதம். மேலை வயலின்காரர் தாடைக்கும் தோளுக்கும் நடுவே கருவியைக் கவ்விக்கொள்ள வேண்டும். கணுக்காலில் ஊன்றிவிட்டால் கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. விரல்கள் தந்தியின் நீளம் முழுவதும் வழுக்கி ஓடலாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைவதும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாத்திரம் சேர்ந்து ஒரு முழுச் சஞ்சாரத்தை இழுத்து முடிப்பதும் இந்த இருக்கையால் வந்தவை. வழுக்கு இலகுவாகச் சிலர் விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வதும் உண்டு. குரலின் நிழலாக நிற்கக்கூடிய பக்கவாத்தியம் என்ற தகுதியை வயலின் பெற்றது இந்த இரண்டு மாற்றங்களால்தான்.

எழுத்தில் இரு மரபுகளையும் இணைக்க முயன்றவர்களில் தமிழ்க் கத்தோலிக்கரான ஏ.எம். சின்னச்சாமி முதலியாருக்கு நன்றிக்கடன் பெரிது. சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய அவர், தியாகராஜ கிருதிகளை வாலாஜாபேட்டைச் சீடர் வழியில் கேட்டறிந்து, ஐந்து கோட்டு மேலைச் சுரக்குறிப்பில் எழுதி, 1893ல் வெளியிட்டார். ஐரோப்பியர் ஒருவர் பியானோவில் வாசிக்கும்படி ஒரு கிருதியைத் தாளில் இறக்குவது அவர் நோக்கம். சுரங்கள் தாளில் இறங்கின. அசைவுகள் அதே அளவுக்கு இறங்கவில்லை. இந்தச் சிக்கல் பிறகு வந்த எல்லோரையும் துரத்தியது.

கொழும்பில் இரு மரபுகளும் நடைமுறையில் கைகோத்த முதல் இடம் நாடகக் கொட்டகை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் வட இந்திய இராகங்களையும், ஆர்மோனியம், தபேலா, வயலின் சேர்ந்த பக்கவாத்தியக் குழுவையும், ஐரோப்பியப் பாணித் திரைச்சீலை மேடையையும் ஒரே கப்பலில் கொண்டுவந்தன. அதைப் பார்த்துச் சிங்கள நூர்த்தி பிறந்தது. நாடகாசிரியர் ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு மெட்டமைக்க விஸ்வநாத் லவ்ஜி இந்தியாவிலிருந்து அழைக்கப்பட்டார். 1911ல் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டது. தமிழ் நாடகத்துக்கும் கொழும்பு பெரிய சந்தையாக இருந்தது. தமிழ்நாட்டின் ஸ்பெஷல் நாடகக் குழுக்கள் கொழும்புக்கு வந்து வாரக்கணக்கில் தங்கி ஆடின. 1920களின் நடுவில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பு மேடையில்தான். பாடகர் திடீரென்று இராகம் மாற்றுவார், சுருதி ஏற்றுவார். அதற்கு ஈடுகொடுக்கக் கீழே உட்கார்ந்திருப்பவருக்குச் செவி வேண்டும், தாள் உதவாது. கூலிக்கு வாசித்த அந்தக் கலைஞர்களின் பெயர்கள் விளம்பரத் துண்டுகளில் அச்சாகவில்லை. ஆனால் இராகத்துக்குள் மேலை இசைவை எங்கே நுழைக்கலாம், எங்கே நுழைத்தால் கெடும் என்பதை அனுபவத்தில் கண்டுபிடித்தவர்கள் அவர்களே. இந்த வரலாற்றில் அவர்களுக்குரிய இடம் முன்வரிசை.

இந்தக் கலப்பை எல்லோரும் விரும்பவில்லை. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1909ல் கொழும்பிலேயே வெளியிட்ட தேசிய இலட்சியம் பற்றிய கட்டுரைத் தொகுதியில், கிராமபோனையும் ஆர்மோனியத்தையும் கடுமையாகச் சாடினார். கட்டைகளில் நிலையாக நிற்கும் சுரம், இராகத்தின் நுண்சுருதிகளை அழித்துவிடும் என்பது அவர் வாதம். அது வெறும் பழமைவாதமல்ல. இசையின் உள்ளமைப்பு அறிந்தவரின் கவலை. அவர் மனைவி அலிஸ் ரிச்சட்சன் ஆங்கிலேயர். அவர் பஞ்சாபி, காஷ்மீரிப் பாடல்களைக் கற்று, ரத்தன் தேவி என்ற பெயரில் தம்புராவோடு லண்டனிலும் அமெரிக்காவிலும் பாடினார். இருவரும் சேர்ந்து 1913ல் அந்தப் பாடல்களில் 30ஐ மேலைச் சுரக்குறிப்போடு நூலாக்கினார்கள். ஆர்மோனியம் வேண்டாம் என்றவரின் வீட்டிலேயே ஐரோப்பியக் குரல் கீழை இசைக்குப் பயிற்றப்பட்டது. எதைக் கலப்பது என்பதைவிட, எதைக் கெடுக்காமல் கலப்பது என்பதே குமாரசுவாமி எழுப்பிய கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கணிதத்தின் வழியாக விடை தேடியவர் சுவாமி விபுலாநந்தர். 1892ல் காரைதீவில் பிறந்த அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், பின்னர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். 1943ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். தந்தியின் நீளத்துக்கும் ஒலியின் அதிர்வுக்கும் உள்ள விகிதங்களை மேலைப் பௌதிகத்திலிருந்து எடுத்து, சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் சொல்லும் பாலைகளையும் நரம்புகளையும் அளந்து பார்த்தார். மறைந்துபோன யாழை மீட்டெடுக்கும் அந்த முயற்சி ‘யாழ் நூல்’ ஆயிற்று. 1947 ஜூனில் திருக்கொள்ளம்புதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் கொழும்பில் காலமானார். அவர் சார்ந்திருந்த இராமகிருஷ்ண மிஷனின் கொழும்பு நிலையம் இருப்பது வெள்ளவத்தையில்.

வெள்ளவத்தை அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் தேடி வந்த குடும்பங்களின் பேட்டையாக வளர்ந்துகொண்டிருந்தது. 1942ல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இங்கேதான் நிலைகொண்டது. பக்கத்துப் பம்பலப்பிட்டியின் சரஸ்வதி மண்டபமும் கதிரேசன் மண்டபமும் கச்சேரிகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் இடம் கொடுத்தன. 1931ல் யாழ்ப்பாணத்தில் அமைந்த வட இலங்கைச் சங்கீத சபை, வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றுக்குத் தரம் தரமாகப் பரீட்சை வைத்தது. உச்சப் பட்டம் கலாவித்தகர். தரம் பிரித்துப் பரீட்சை வைக்கும் இந்த வழக்கம் லண்டன் இசைக் கல்லூரிகள் காலனி நாடுகளில் நடத்திய பரீட்சைகளின் வடிவத்தைக் கொண்டது. குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகும் முறை, உத்தியோகக் குடும்பத்தின் வார அட்டவணைக்குள் வந்தது. இசைக்கு இதனால் இழப்பும் உண்டு. ஆனால் தொழில்முறைக் குடும்பங்களுக்கு வெளியே பிறந்த பெண்பிள்ளைகள் பெருந்தொகையாக வயலினைத் தொட்டது இந்தப் பரீட்சைகளால்தான்.

1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியது. 1949ல் அதற்கு ரேடியோ சிலோன் என்ற பெயர் வந்தது; 1967ல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. நாடகக் கொட்டகை ஓய்ந்தபின் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் தந்த இடம் இதுவே. டொரிங்டன் சதுக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் கர்நாடக சங்கீதம், தமிழ் மெல்லிசை, சிங்களச் சரள கீ, மேலை இசை எல்லாம் பதிவாகும். காலையில் கர்நாடக இசைக்கு வாசித்தவர் மாலையில் சிங்கள மெல்லிசைக் குழுவில் தோளில் வைத்து வாசிக்க நேரும். 1952ல் லக்னோவிலிருந்து வரவழைக்கப்பட்ட இசையறிஞர் ரத்தஞ்சன்கர், சிங்களக் கலைஞர்களை இந்துஸ்தானி இசை அளவுகோல் கொண்டு தரப்படுத்தினார். அதை ஏற்காமல் பாடகர் சுனில் சாந்தா விலகி நின்றார். வயலின் கலைஞராகத் தொடங்கிய பாடகர் அமரதேவ அதே லக்னோவுக்குப் போய்க் கற்று வந்தார்.

தமிழர் இதில் வகித்த பங்கு, தமிழிலேயே போதிய அளவு எழுதப்படவில்லை. 1947ல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படம் மதுரையில் எடுக்கப்பட்டது; அதற்கு இசையமைத்தவர் நாராயண ஐயர். பின்னர் தமிழ்நாட்டிலிருந்து வந்து கொழும்பில் நிலைத்த வயலின் கலைஞர் ஆர். முத்துசாமி, சிங்களத் திரைப்படங்களின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவரானார். எம்.கே. ரொக்சாமியும் அந்த இசையமைப்பாளர் வரிசையில் ஒருவர். இவர்களுடைய பாடல்களின் இடையிசையைக் கவனித்துக் கேட்டால் இரண்டு மூன்று வயலின்கள் ஒரே வரியை வாசிப்பதும், இடையில் ஒன்று மட்டும் பிரிந்து ஓர் இராகச் சஞ்சாரத்தைத் தொட்டுத் திரும்புவதும், அடியில் மேலை இசைவு நகர்வதும் தெரியும். மூன்று நிமிடத்துக்குள் அடங்கும் சேம்பர் இசை அது. பிரேமசிறி கேமதாச அதே வழியில் இன்னும் முன்னே போய், நாட்டார் பாடலையும் மேலைச் சிம்பொனி அமைப்பையும் பிணைத்து, இசைநாடகம் வரை எழுதினார்.

யாழ்ப்பாணத்தில் வயலின் கற்பித்துக்கொண்டிருந்த வி. லக்ஷ்மிநாராயணாவுக்கு வேறொரு கனவு இருந்தது. பாடகருக்குப் பின்னால் நிழலாக நிற்கும் வயலின், தனியாகக் கச்சேரி செய்ய வேண்டும் என்பது அது. மேலை வயலின்காரர் கையில் இருந்த வில் வீச்சின் வகைகளும் வேகமும் கர்நாடக வயலினுக்கும் வர வேண்டும் என்று தன் பிள்ளைகளைப் பயிற்றினார். 1958ல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப்பின் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுச் சென்னைக்குப் போனது. மூத்தவர் எல். வைத்தியநாதன் திரையிசைக்குப் போனார். எல். சுப்பிரமணியம் மருத்துவப் பட்டத்தோடு கலிபோர்னியாவில் மேலை இசையையும் கற்றார். 1984ல் பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை ஸ்தெபான் கிரப்பெல்லியோடு இசைத்தட்டு வெளியிட்டார்; 1985ல் சுபின் மேத்தா நடத்திய நியூயோர்க் பில்ஹார்மோனிக்கோடு தான் எழுதிய வேத மந்திரக் கற்பனையை வாசித்தார். அவர் தம்பி எல். சங்கரோ கிதார் கலைஞர் ஜோன் மக்லாஃப்ளின், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவை அமைத்தார். 1975ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நேரடியாகப் பதிவான அவர்களுடைய முதல் இசைத்தட்டில், மக்லாஃப்ளினும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தே கிதார் வாசித்தார். உலகம் ஒரு புது வகை என்று கொண்டாடிய இந்தச் சிறுகுழு இசையின் வேர்களில் ஒன்று யாழ்ப்பாணத்து வீடொன்றில் இருந்தது. இலங்கை அதைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தது.

கொழும்பின் மேலை இசை வட்டம் தனி உலகமாக, ஆங்கிலம் பேசும் வீடுகளின் வரவேற்பறைகளில் வளர்ந்தது. லண்டனில் பியானோ கற்ற லயனல் வென்ட் அதன் நடுநாயகம். 1934ல் வெளிவந்த ‘சோங் ஒவ் சிலோன்’ ஆவணப்படத்துக்கு அவர் குரல் கொடுத்தார். அதன் ஒலிப்பதிவுக்காகக் கண்டிக் கலைஞர்கள் உக்குவாவும் சுரம்பாவும் அவரோடு லண்டன் போனார்கள். வோல்டர் லீ அமைத்த அந்த இசையில் கண்டி மேளமும் ஐரோப்பியக் கருவிகளும் நெருங்கி நிற்கின்றன. வென்ட் நினைவாக 1953ல் திறக்கப்பட்ட அரங்கு கொழும்பின் இசைக்கு இன்றும் வீடு. 1958ல் இலங்கைச் சிம்பொனி இசைக்குழு தொடங்கியது.

இந்த வட்டத்தின் தலைசிறந்த மகன் ரொஹான் டி சேரம். 1939ல் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, சிறுவயதிலேயே இத்தாலிக்குச் சென்று கஸ்பர் கஸாடோவிடம் செலோ கற்றவர். செலோவோடு கண்டி மேளமான கெட்ட பெரயாவையும் பயின்றவர் என்பதுதான் இங்கே முக்கியம். 1970களின் இறுதி முதல் 2005 வரை, நவீன இசைக்குப் பேர்போன ஆர்டிட்டி நால்வர் குழுவில் செலோ வாசித்தார். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பேரியோ, தன் புகழ்பெற்ற தனிக்கருவித் தொடரின் 14ஆவதும் இறுதியுமான படைப்பை 2002ல் இவருக்காக எழுதினார். அதில் செலோக்காரர் வில்லைவிட்டு, ஒரு கையால் மரப்பெட்டியைத் தட்டி, மறு கை விரல்களால் தந்தி மீது அடித்து, கண்டி மேளத்தின் சொற்கட்டுகளை எழுப்ப வேண்டும். மேளம் மேலே ஒட்டப்பட்ட அலங்காரமாக இல்லை; படைப்பின் தாளக் கட்டே மேளத்திலிருந்து வருகிறது. ரொஹான் டி சேரம் 2024ல் மறைந்தார்.

கிழக்காசியாவோடு ஒப்பிட்டால் கொழும்பின் வழி வேறு என்பது தெளிவாகும். ஜப்பானில் மேலை இசை பள்ளிக்கூடப் பாடமாக வந்து, அதிலேயே முழுப் பயிற்சி பெற்ற தலைமுறைகள் எழுந்தன. தோரு தாகெமிட்சு போன்றவர்கள் அந்தப் பயிற்சியிலிருந்து திரும்பிப் பார்த்து, பிவாவையும் ஷாகுஹாச்சியையும் மீண்டும் கண்டெடுத்தார்கள். 1966ல் அந்த இரு கருவிகளுக்கு மட்டும் ஒரு படைப்பையும், 1967ல் அவற்றோடு மேலை இசைக்குழுவையும் எதிரெதிரே நிறுத்தும் ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’ படைப்பையும் அவர் எழுதினார். அங்கே கலப்பு நிகழ்ந்தது இசையமைப்பாளரின் மேசையில். தமிழர் மேலைக் கருவியை எடுத்துத் தங்கள் இசைக்கு வசப்படுத்தினார்கள். புதிய படைப்பு எழுதுவதை அவசரமாக நினைக்கவில்லை. எனவே கொழும்பில் கலப்பு நிகழ்ந்தது வாசிப்பவரின் கையில். எழுதப்பட்ட படைப்புகள் குறைவாகவும் ஒலிப்பதிவுகள் மிகுதியாகவும் இருப்பது இதனால்தான்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரம் இந்தத் தொடர்ச்சியைக் குலைத்தது. வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. சங்கீத ஆசிரியர்கள், மிருதங்கக்காரர்கள், வானொலிக் கலைஞர்கள் பலர் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். வட இலங்கைச் சங்கீத சபை பாடத்திட்டத்தில் வளர்ந்தவர்கள் அந்த நகரங்களின் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் வயலின் சொல்லிக்கொடுத்தார்கள். உள்நாட்டுப் போர்க்காலம் முழுவதும் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளை நிரப்பினார்கள். வகுப்புகள் மறுபடியும் கூடின. 2006ல் லக்ஷ்மன் ஜோசப் டி சேரம் கொழும்பில் சேம்பர் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். இன்றைய கொழும்பில் ஒரே பிள்ளை பள்ளியில் லண்டனின் ட்ரினிட்டி அல்லது ரோயல் இசைப் பரீட்சைக்குத் தோளில் வைத்தும், மாலை வகுப்பில் சங்கீத சபைப் பரீட்சைக்குக் காலில் ஊன்றியும் வயலின் பழகக்கூடும். இரு வகுப்புக்கும் சுருதி வேறு, குறிப்பெழுதும் முறை வேறு என்பதால், பெரும்பாலான வீடுகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்தச் சென்னையில் ஒரு வழி காணப்பட்டிருக்கிறது. இளையராஜா 1986ல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தட்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கையும் தியாகராஜரையும் சந்திக்க வைத்தபோது, தனி வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். பின்னர் அவர் அமைத்த மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோவோடு கர்நாடகக் கிருதிகளை வாசித்தது. கிருதியின் மெட்டை முதல் வயலின் கமகத்தோடு வாசிக்க, மற்ற மூவரும் அந்த இராகத்துக்குள் நின்றே இசைவு தருகிறார்கள். அந்த மூவரின் பகுதிகள் தாளில் எழுதப்படுகின்றன. கமகம் மட்டும் வாசிப்பவரின் செவிக்கும் விரலுக்கும் விடப்படுகிறது. 1893ல் சின்னச்சாமி முதலியாரின் தாளில் இறங்க மறுத்த பகுதியும் அதுவே. கொழும்பின் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வேலை இப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. அதை ஒரு நிலையான நால்வர் குழுவாக ஆக்கும் வேலை அங்கே இன்னும் நடக்கவில்லை.